லாபமும் அறமும்: நான்கு வழிகளில் எதைப் பிடிப்பது?

கடந்த சில மாதங்களில் இரண்டு பேர் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் திருப்பூரில் அப்பாவின் பனியன் கம்பெனியை எடுத்து நடத்தத் தொடங்கியிருக்கும் பெண். நாற்பது மிஷின், பீஸ் ரேட்டில் டைலர்கள். "லாபமே சுரண்டல் என்று ஒரு புத்தகம் சொல்கிறது, லாபம் பார்ப்பதுதான் உன் கடமை என்று இன்னொன்று சொல்கிறது. எதை மனசில் வைத்துக்கொண்டு நான் நாளைக்கு ரேட் பேசுவது?" என்றார். இன்னொருவர் சட்டக் கல்லூரி மாணவர். உழைப்பின் பக்கம் பேசும் மார்க்ஸைப் படித்தால் மார்க்ஸ் சரி, சொத்துரிமையின் பக்கம் பேசும் நோசிக்கைப் படித்தால் நோசிக் சரி என்று படுகிறது, எங்கே நிற்பது என்று தெரியவில்லை என்றார்.

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் பல வருடம் ஏற்றுமதி அலுவலகத்தில் மெர்ச்சன்டைசராக, அதாவது ஆர்டரை வாங்கி அது தைத்து முடிந்து கப்பல் ஏறும்வரை பார்த்துக்கொள்பவனாக, இருந்தவன். அதனால் உதாரணம் என் தொழிலிலிருந்தே வருகிறது.

## ஒரு வாசல்

2013 ஏப்ரல் 23. வங்கதேசத் தலைநகர் டாக்காவுக்குப் பக்கத்தில் சவார் என்ற ஊரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் விரிசல் விட்டது. கீழ்த்தளங்களில் ஒரு வங்கியும் கடைகளும், மேலே ஐந்து தையல் ஆலைகள். அன்று எல்லோரையும் வெளியேற்றினார்கள். மறுநாள் வங்கி திறக்கவில்லை, கடைகளும் திறக்கவில்லை. தையல் ஆலைகள் மட்டும் ஆட்களை வரச் சொன்னன. வாசலில் தயங்கி நின்றவர்களிடம், உள்ளே போகாவிட்டால் சம்பளம் கிடையாது என்று சொல்லப்பட்டது. அப்போது வங்கதேசத்தில் ஆடைத் தொழிலாளியின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 3,000 டாக்கா (அந்த நாட்டுப் பணத்தின் பெயரும் டாக்காதான்). போனார்கள். கரண்ட் போனது, மேல்மாடிகளில் இருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, ஒன்பது மணி அடிப்பதற்குள் கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. இறந்தவர்கள் 1,134 பேர்.

ஒரே கட்டடம், ஒரே விரிசல். வங்கி ஊழியர் வீட்டில் இருந்தார், தையல்காரப் பெண் மாடி ஏறினார். இந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்லாத எந்த நீதிக் கோட்பாடும் எனக்கு வேண்டாம். அதனால் சொத்துரிமை, நியாயமான பங்கீடு, உழைப்பு, தர்மகர்த்தா என்ற நான்கு வழிகளையும் இந்த வாசலுக்குக் கூட்டி வந்துதான் பார்க்கப் போகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

ஒவ்வொரு வழியிடமும் கேட்க நான்கு கேள்விகள்.

சம்மதம். ஒருவர் மனதார ஒப்புக்கொண்டார் என்று எப்போது சொல்லலாம்?

பங்கு. ஒரு பனியன் விற்றதில் மிஞ்சுவது யாருக்குச் சேர வேண்டும், ஏன்?

எல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதவரும் வேறு நாட்டில் இருப்பவரும் கணக்கில் வருவார்களா?

காவல். இதை யார் நடத்தி வைப்பது, அந்தக் காவலே தப்பு செய்தால் என்ன வழி? மறைமுகச் செலவுகள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்குப் பின்னால்தான் இருக்கும்.

## முதல் வழி: என் சொத்து, என் சம்மதம்

இந்த வழியைப் பேசும்போது எல்லோரும் ஆடம் ஸ்மித்தை இழுப்பார்கள். 1776-இல் 'நாடுகளின் செல்வம்' எழுதிய ஸ்மித், அதற்கு 17 வருடம் முன்பே அற உணர்வுகளைப் பற்றி ஒரு முழு நூல் எழுதியவர். கூலியை ஏற்றாமல் இருக்க முதலாளிகள் எப்போதும் எங்கும் சத்தமில்லாமல் கூட்டுச் சேர்ந்தே இருக்கிறார்கள் என்று எழுதியதும் அவர்தான். தொழிலாளிக்குச் சாதகமாக வரும் சட்டம் எப்போதும் நியாயமானது, முதலாளிக்குச் சாதகமாக வருவது சில சமயம் அப்படி இருக்காது என்றும் சொன்னார். ஆகவே அவரை இந்தக் கட்சியில் சேர்ப்பது நியாயமில்லை.

இந்த வழியை ஒளிவுமறைவில்லாமல் சொன்னவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக், 1974-இல். நியாயமாகக் கைக்கு வந்த சொத்து, சம்மதத்தோடு கைமாறினால், முடிவில் யாரிடம் எவ்வளவு சேர்ந்தாலும் அது நியாயம்தான் என்பது அவர் வாதம். அவர் சொன்ன கூடைப்பந்து வீரர் உதாரணம் பிரசித்தம். வில்ட் சேம்பர்லினின் ஆட்டத்தைப் பார்க்க 10 லட்சம் பேர் ஆளுக்கு 25 சென்ட் மனமுவந்து தருகிறார்கள், அவர் கையில் 2,50,000 டாலர் சேர்கிறது. இதில் யாருக்கு என்ன அநியாயம் நடந்தது என்று கேட்கிறார்.

சரி, சவார் வாசலில்? வேலை அல்லது பட்டினி என்ற இரண்டே வழி இருக்கும் தொழிலாளியைப் பற்றி நோசிக்கே எழுதியிருக்கிறார். மற்றவர்கள் தங்கள் உரிமைக்குள் நடந்துகொண்டதால் அவருக்கு வழி குறுகிப்போனது என்றால், அவர் ஒப்புக்கொள்வதும் சுய விருப்பம்தான் என்கிறார். மோசடியை அவர் ஏற்க மாட்டார், ஆகவே கட்டடம் பத்திரமாக இருக்கிறது என்று பொய் சொன்னவர் அவருக்கும் குற்றவாளியே. ஆனால் அந்தப் பொய் இல்லாமல், "விரிசல் இருக்கிறது, வந்தால் சம்பளம், வராவிட்டால் இல்லை" என்று நேராகவே சொல்லியிருந்தால்? அதைக் குற்றம் என்று சொல்ல இந்த வழியில் எளிதில் இடம் கிடைக்காது. நான் விலகுவது இந்த இடத்தில்தான்.

அதற்காக இதைத் தூக்கி எறியவும் எனக்கு மனம் வரவில்லை. திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். சாயக் கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கி, கீழே இருந்த விவசாயியின் கிணறும் மண்ணும் கெட்டன. அவர் யாரோடும் எந்த ஒப்பந்தமும் போடவில்லை. வேலைவாய்ப்பு, அந்நியச் செலாவணி என்று பொது நன்மைக் கணக்குப் போட்டவர்களுக்கு அவர் ஒரு சின்னச் செலவாகத் தெரிந்தார். "அவருடைய மண்ணைக் கெடுக்க உனக்கு உரிமை இல்லை" என்று கறாராகச் சொல்வது சொத்துரிமைதான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஊரே ஸ்தம்பித்தது, ஆனாலும் அந்த விவசாயியின் பக்கம் நியாயம் இருந்தது. மேற்கு வங்கத்தின் சிங்கூரிலும் அப்படித்தான். 2006-இல் ஒரு இடதுசாரி அரசே கார் ஆலைக்காக விவசாயிகளின் நிலத்தை எடுத்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. பலம் உள்ளவர் பொது நன்மையின் பெயரில் பலம் இல்லாதவரின் சொத்தில் கைவைக்கும்போது முதல் வழியைப் பிடியுங்கள்.

இதன் மறைமுகச் செலவு 'நியாயமாகக் கைக்கு வந்த' என்ற சொல்லுக்குள் இருக்கிறது. சொத்து முதலில் அநியாயமாகப் பிடுங்கப்பட்டிருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று நோசிக்கும் ஒப்புக்கொள்கிறார். காலனி ஆட்சியும் சாதியும் நிலத்தைப் பங்கு போட்ட ஒரு நாட்டில் அதை உண்மையாகவே செய்யக் கிளம்பினால், எத்தனை பத்திரங்களைத் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள்.

கம்பெனிக்காரப் பெண் படித்தது பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மனின் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரை. சட்டத்துக்கும் சமூகத்தின் அற வழக்கத்துக்கும் உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதே நிர்வாகியின் பொறுப்பு என்றது அது. உட்பட்டு என்ற பகுதியை மேற்கோள் காட்டுபவர்கள் விட்டுவிடுவார்கள். அதை விடாமல் படித்தாலும் ஒரு சிக்கல் உண்டு. வங்கதேச நாடாளுமன்றத்தில் ஆடை ஆலை முதலாளிகளே பலர் உறுப்பினர்களாக இருந்தார்கள். விதியை எழுதுபவரும் விதிக்கு உட்பட வேண்டியவரும் ஒருவரே என்றால் அந்த நிபந்தனை நிற்காது.

## இரண்டாவது வழி: திரைக்குப் பின்னால் நின்று பார்

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் ரால்ஸ் 1971-இல் சொன்னது இது. நீங்கள் யாராகப் பிறப்பீர்கள் என்று தெரியாமல், ஓர் அறியாமைத் திரைக்குப் பின்னால் நின்று சமூகத்தின் விதிகளைத் தேர்ந்தெடுங்கள். வங்கி ஊழியராகலாம், தையல்காரராகலாம், பிராண்டின் பங்குதாரராகலாம். அப்படி நின்றால் எல்லோருக்கும் சமமான அடிப்படைச் சுதந்திரம் கேட்பீர்கள். ஏற்றத்தாழ்வு இருந்தால், அது கடைசியில் இருப்பவருக்கு அதிகபட்ச நன்மை தருவதாக இருக்க வேண்டும் என்பீர்கள்.

ஆடைத் தொழிலைப் பற்றி அடிக்கடி கேட்கும் ஒரு வாதத்துக்கு இதில் நல்ல பதில் இருக்கிறது. "இந்த வேலையும் இல்லாவிட்டால் அந்தப் பெண்கள் என்ன செய்வார்கள்?" என்பார்கள். உண்மைதான், லட்சக்கணக்கான பெண்கள் முதன்முறையாகச் சொந்தச் சம்பளம் கண்டது இந்தத் தொழிலில். ஆனால் ரால்ஸின் அளவுகோல், வேலையே இல்லாத நிலையோடு ஒப்பிடுவதோடு நிற்காது. இதே வேலையை வேறு விதமாக அமைத்திருந்தால் அவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று கேட்கும். சவாருக்குப் பிறகு வங்கதேசத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 5,300 டாக்கா ஆனது, 2018-இல் 8,000, 2023 டிசம்பரில் 12,500. விலைவாசியும் கூடவே ஏறியது, 2023-இல் தொழிலாளர்கள் கேட்டது 23,000. ஆனாலும் வேறு விதமாக அமைக்க முடியும் என்பதும், அமைத்ததால் தொழில் ஊரைவிட்டு ஓடிவிடவில்லை என்பதும் தெரிந்தது.

இதன் பலவீனம் எல்லையில். கடைசியில் இருப்பவருக்கான கொள்கை ஒரு நாட்டுக்குள்தான் என்று ரால்ஸே நிறுத்திக்கொண்டார். 1999-இல் எழுதியபோதும், ஏழை நாடுகளுக்கு உதவும் கடமை உண்டு என்றாரே தவிர, உலகம் முழுவதற்குமான பங்கீட்டை ஏற்கவில்லை. சட்டை கப்பல் ஏறிப் போகிறது, நீதி துறைமுகத்தோடு நின்றுவிடுகிறது. அரசியல் தத்துவ அறிஞர் சார்லஸ் பைட்ஸ் 1979-லேயே இதைக் கேட்டார்: உற்பத்தியும் வியாபாரமும் நாடுகளை ஒன்றாகப் பிணைத்த பிறகு நீதியை மட்டும் எப்படி நாட்டுக்குள் பூட்டி வைப்பது? எனக்கு பைட்ஸ் சொல்வதுதான் சரியாகப் படுகிறது.

மாணவருக்கு ஒரு சின்னக் குறிப்பு. ரால்ஸ் என்றால் மானியமும் வரியும் வைத்த முதலாளித்துவம் என்று பரீட்சைக்கு எழுதிவிடாதீர்கள். கடைசிக் காலத்தில் அவர் அதுவும் போதாது என்றார். சொத்தே பரவலாக இருக்கும் ஒரு ஜனநாயகம், அல்லது சுதந்திரம் உள்ள சோசலிசம், இந்த இரண்டில் ஒன்றுதான் தன் கொள்கைகளுக்குப் பொருந்தும் என்று எழுதினார்.

## மூன்றாவது வழி: மிஷின் யாருடையது?

1863 ஜூன் மாதம் லண்டனில் மேரி ஆன் வாக்லி என்ற 20 வயதுத் தையல்காரப் பெண் இறந்துபோனார். அரண்மனை விருந்துக்கான உடைகளை முடிப்பதற்காக, காற்றே இல்லாத அறையில், இன்னும் அறுபது பெண்களோடு 26½ மணி நேரம் ஒரே மூச்சாகத் தைத்தவர். இதை 'மூலதனம்' நூலின் முதல் தொகுதியில் பதிந்து வைத்தவர் மார்க்ஸ். சவாருக்கு 150 வருடம் முந்தைய சம்பவம்.

மார்க்ஸ் கெட்ட முதலாளியைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. நல்லவரோ கெட்டவரோ, மிஷின் ஒருவரிடமும் வெறும் கை இன்னொருவரிடமும் இருக்கும்வரை, தைப்பவர் தன் கூலிக்கு ஈடான நேரத்துக்கு மேலும் தைத்தாக வேண்டும், அந்த உபரி மிஷின்காரருக்குப் போகும் என்றார். 'நியாயமான கூலி' என்ற பேச்சையே அவர் ஏற்கவில்லை. அதனால் இது அறம் பற்றிய விமர்சனமா, இல்லையா என்று தத்துவக்காரர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். அறமே என்று வெளிப்படையாகச் சொன்ன மார்க்சியர் ஜி.ஏ. கோஹன்.

சம்மதம் பற்றி நான் படித்ததிலேயே என்னை அதிகம் உலுக்கியது கோஹன் 1983-இல் சொன்ன ஓர் உதாரணம். பூட்டிய அறையில் பத்துப் பேர். ஒரே ஒரு சாவி. யார் எடுத்தாலும் திறந்து வெளியே போகலாம். ஆனால் ஒருவர் போனதும் கதவு மற்றவர்களுக்கு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பத்துப் பேரில் யாரைக் கேட்டாலும் அவர் வெளியேறச் சுதந்திரம் உள்ளவர். சேர்த்துப் பார்த்தால் அவர்கள் கைதிகள்.

திருப்பூர்க்காரர்களுக்கு இந்த அறை நன்றாகத் தெரியும். டைலராக வந்து முதலாளி ஆனவர்கள் எங்கள் ஊரில் நிறைய. "நானும் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தவன்தான், உன்னால் முடியாதா?" என்ற பேச்சை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். சொல்பவர் உழைப்பு உண்மையானது, அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் முதலாளி ஆனபோது அவருக்கு நாற்பது டைலர்கள் தேவைப்பட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் முதலாளி ஆக முடியாது. ஒருவர் சாவியோடு வெளியே வந்ததை, அறையே திறந்துதான் இருந்தது என்பதற்குச் சாட்சியாகக் காட்டக் கூடாது.

சவார் வாசலுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. வங்கி ஊழியருக்கு ஒரு நாள் வராமல் இருப்பது ஒரு நாள் வராமல் இருப்பதுதான். தையல்காரப் பெண்ணுக்கு அது மாதக் கடைசியின் வாடகை, அரிசி. அவர் வராவிட்டால் அந்த மிஷினில் உட்கார இன்னொருவர் வெளியே நிற்கிறார்.

செலவைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதவில்லை என்றாகும். மிஷினை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டால் விலையை, உற்பத்தியை யார் முடிவு செய்வது? எங்கோ ஒரு மூலையில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த தகவலை எந்த மத்தியத் திட்டமும் முழுதாகத் திரட்ட முடியாது என்று பொருளாதார அறிஞர் ஹாயக் 1945-இல் சொன்னதற்கு இதுவரை நல்ல பதில் வரவில்லை. தாராள மனதை வைத்து ஒரு பொருளாதாரத்தை ஓட்டும் பொறியமைப்பு இன்னும் நமக்குத் தெரியாது என்று கோஹனே 2009-இல் ஒப்புக்கொண்டார். அதைவிடப் பெரிய செலவு காவலில் வருகிறது. 1980-இல் போலந்தின் கடான்ஸ்க் நகரில், லெனின் பெயர் வைத்த கப்பல் தளத்தில், தொழிலாளர் அரசு என்று சொல்லிக்கொண்ட அரசை எதிர்த்துத் தொழிலாளர்களே வேலைநிறுத்தம் செய்து சுதந்திரமான தொழிற்சங்கம் கேட்டார்கள். அடுத்த வருடம் டிசம்பரில் ராணுவச் சட்டம் வந்தது. அரசே ஒரே முதலாளி ஆனபோது வாசல் இன்னும் குறுகியது.

## நான்காவது வழி: தர்மகர்த்தா

1918, அகமதாபாத். பிளேக் காலத்துப் போனஸை நிறுத்தியதும் நெசவாலைத் தொழிலாளர்கள் 35 சதவீத உயர்வு கேட்டார்கள், ஆலை முதலாளிகள் 20 என்றார்கள். தொழிலாளர் பக்கம் அனசூயா சாராபாய், முதலாளிகள் பக்கம் அவருடைய தம்பி அம்பாலால். காந்தி மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார், கடைசியில் நடுவர் 35 கொடுத்தார். தன் உண்ணாவிரதம் முதலாளிகளை நெருக்கடிக்கு உள்ளாக்கியது என்று காந்தியே பிறகு வருத்தத்தோடு எழுதினார். செல்வந்தர் தன் சொத்தைச் சமூகத்தின் சார்பில் காக்கும் தர்மகர்த்தாவாக நடக்க வேண்டும் என்று அவர் பிற்காலத்தில் வற்புறுத்தியதை இந்தச் சம்பவத்தோடு வைத்துத்தான் படிக்க வேண்டும். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா அந்தச் சிந்தனையைக் கிராமத் தொழில், இயற்கை வளம் என்று பொருளாதாரமாகவே விரித்தார்.

சின்ன முதலாளிக்கு உடனே கைகொடுப்பது இந்த வழி. சட்டம் மாறும்வரை, புரட்சி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை தொடங்கலாம்.

ஆனால் முதலாளி மனம் மாறாவிட்டால்? அம்பேத்கர் இந்தக் கொள்கையைக் கடுமையாகச் சாடியதற்குக் காரணம் இதுதான். பிறரை அடக்கி வைத்துச் சொத்துச் சேர்த்தவர்களிடமே அடக்கப்பட்டவர்களின் காவலையும் ஒப்படைக்கச் சொல்கிறது இது.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு கம்பெனியில் பையர், அதாவது சரக்கு வாங்கும் நிறுவனம், அனுப்பும் ஆடிட்டர் வருகிறார் என்றால், முந்தின நாள் இரவு அவசர வழிக்கு முன்னால் அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகளை இறக்கிவிடுவோம். நடைவழியைக் காட்டும் மஞ்சள் கோட்டுக்குப் புதிதாகப் பெயின்ட். காலையில் செக்கிங் பெண்களுக்கு மாஸ்க், டைலர்களின் மிஷினில் விரலில் ஊசி ஏறாமல் தடுக்கும் நீடில் கார்டு. ஆடிட்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மறுநாள் மாலை, ஷிப்மென்ட் நெருக்கடியில் பெட்டிகள் திரும்ப அதே இடத்தில். அடுக்கச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அன்று தீ பிடிக்கவில்லை என்பதைத் தவிர எனக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ராணா பிளாசாவில் இருந்த ஆலைகளில் சிலவும் தணிக்கை முடித்தவைதான், அந்தத் தணிக்கைகள் கட்டடத்தின் உறுதியைப் பார்க்கவே இல்லை. தொழிலாளி கையில் பிடி எதுவும் இல்லாத நல்லெண்ணம் இப்படித்தான் முடிகிறது.

அகமதாபாத்தில் அது வெறும் நல்லெண்ணமாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1920-இல் அங்கே வலுவான தொழிற்சங்கம் உருவானது. அதன் பெண்கள் பிரிவிலிருந்துதான் 1972-இல் இலா பட்டின் சேவா (SEWA) என்ற பெண் தொழிலாளர் சங்கம் வந்தது.

## ஒரே பார்வையில்

| வழி | வாசலில் நின்ற பெண்ணுக்கு என்ன பதில் | எப்போது பிடிக்கலாம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| சொத்துரிமை | பொய் சொல்லாதவரை அவர் சம்மதம் செல்லும் | நிலம், ஆறு பறிபோகும்போது | பழைய பறிப்புகளைத் திறக்க வேண்டும் |
| நியாயமான பங்கீடு | கடைசியில் இருப்பவருக்காக அமைப்பையே மாற்று | சட்டம், வரி, சம்பளம் எழுதும்போது | நாட்டு எல்லையில் நிற்கிறது |
| உழைப்பு | அவருக்குத் தப்பும் வழியே இல்லை | உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க | அரசே ஒற்றை முதலாளி ஆகலாம் |
| தர்மகர்த்தா | அவரைக் காப்பது முதலாளியின் கடமை | இன்றே, சொந்தக் கம்பெனியில் | மனம் மாறாதவரிடம் பயனில்லை |

## நான் எதைச் சொல்வேன்

மாணவருக்கு: ஒரே கொடியைப் பிடித்தாக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். ஒரு வேலை ஒப்பந்தத்தைப் படிக்கும்போது கோஹனின் சாவியோடு படியுங்கள், ஒரு சட்டம் எழுதும்போது ரால்ஸின் திரையைப் போட்டுக்கொள்ளுங்கள், அரசு யாருடைய நிலத்தையாவது எடுக்க வந்தால் நோசிக்கைத் திறங்கள். ஆனால் இவை மோதும்போது ஒன்று முந்த வேண்டுமே என்று கேட்டால், நான் மூன்றாவது வழியின் கேள்வியையும் இரண்டாவது வழியின் பதிலையும் எடுப்பேன். மாட்டேன் என்று சொல்ல முடியாதவரின் சரி என்ற சொல்லுக்கு முழு மதிப்பு இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மாட்டேனைச் சட்டத்தால் சாத்தியமாக்க முடியும் என்றும் நம்புகிறேன்.

கம்பெனிக்காரப் பெண்ணுக்கு: ஃப்ரீட்மனை மூடி வையுங்கள், காந்தியிலிருந்து தொடங்குங்கள், ஆனால் காந்தியோடு நிறுத்தாதீர்கள். ரேட் பேசும்போது காஸ்டிங் ஷீட்டை டைலர்கள் முன்னால் வையுங்கள். துணி எவ்வளவு, சாயம் எவ்வளவு, பையர் தரும் விலை எவ்வளவு என்று அவர்களும் பார்க்கட்டும். சங்கம் வைக்க நினைத்தால் தடுக்காதீர்கள். உங்கள் நல்ல மனதை நான் சந்தேகிக்கவில்லை. ஷிப்மென்ட் நெருக்கும் இரவில் உங்களைத் தடுத்து நிறுத்த இன்னொருவருக்கு உரிமை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஓர் உரிமையை எழுத்தில் வைக்க முடியுமா என்றால், வைத்திருக்கிறார்கள். சவார் நடந்த அடுத்த மாதமே சர்வதேசத் தொழிற்சங்கங்களும் ஆடை பிராண்டுகளும் சட்டப்படி செல்லுபடியாகும் ஒரு பாதுகாப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. பிறகு 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சேர்ந்தன, 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகள் அதன் கீழ் வந்தன. கடமையில் தவறியதாகச் சங்கங்கள் ஒரு பிராண்டை ஹேக் நடுவர் மன்றம்வரை இழுத்ததில், 2018-இல் அந்த பிராண்ட் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. உடன்படிக்கையில் ஒரு வரி உண்டு: பாதுகாப்பில்லை என்று நியாயமாக நம்பும் கட்டடத்துக்குள் போக மறுக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு, அதற்காகச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது.